கடலைப் பூசணமும் பிளாஸ்மா பெட்டியும்

கேள்வி: எங்கள் ஊர் குப்பத்துக்கும் நாட்றம்பள்ளிக்கும் நடுவில், எல்லையை ஒட்டி ஆந்திரா பக்கம் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. நைனா 18 வருஷமாக வேர்க்கடலை உடைக்கும் மிஷின் வைத்திருக்கிறார். நான் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு அவரோடு கணக்கு பார்க்கிறேன். போன மாதம் பெங்களூருக்குப் போன ஒரு லோடு பருப்பு, அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை விஷம் அதிகம் என்று திரும்பி வந்துவிட்டது. உடைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளக்காமல் இருக்க, முதல் நாள் ராத்திரியே காயின் மேல் தண்ணீர் தெளித்து மூடி வைப்போம். இங்கே பல மில்லில் அப்படித்தான். இப்போது ஒருவர் குளிர் பிளாஸ்மா பெட்டி என்று கொண்டுவந்து காட்டுகிறார். சூடு கிடையாது, மருந்து கிடையாது, பத்து நிமிஷத்தில் பூசணம் செத்துவிடும் என்கிறார். விலை நாலரை லட்சம். வெறும் காற்றும் கரண்டும் பூஞ்சை செல்லை எப்படிக் கொல்லும்? மூலக்கூறு அளவில் உள்ளே என்ன நடக்கிறது? விஷமும் போகுமா? பெட்டி வாங்கலாமா? திரும்பி வந்த லோடைச் செக்கில் ஆட்டி, புண்ணாக்கை வீட்டு மாடுகளுக்குப் போட்டுவிடலாம் என்கிறார் நைனா. அது சரிதானா?
குப்பம் பக்கத்து வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம், அதனால் அதற்கு முதலில் பதில். அந்தப் புண்ணாக்கை மாட்டுக்குப் போடாதீர்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அதற்குள் ஆட்டி முடித்திருந்தால் மூட்டைகளைத் தனியாகக் கட்டி, அடையாளம் போட்டு, கொட்டகைப் பக்கம் போகாத இடத்தில் வையுங்கள்.

இனி பெட்டிக்கு வருகிறேன். குளிர் பிளாஸ்மா பூஞ்சையைக் கொல்லும் என்று அவர் சொன்னது உண்மை. உணவுப் பூஞ்சைகளோடு இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவள் நான்; அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் லோடைத் திருப்பி அனுப்பியவர்கள் பூஞ்சை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அது எப்போதோ சுரந்து வைத்துவிட்டுப் போன விஷத்தை அளந்தார்கள். பூஞ்சை வேறு, விஷம் வேறு. பெட்டி இரண்டையும் எப்படித் தொடுகிறது, எங்கே தொடாமல் விடுகிறது என்பது மூலக்கூறு அளவில் பார்த்தால்தான் விளங்கும். நீங்கள் அந்தப் படிப்பே படித்தவர் என்பதால் சற்று ஆழமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மில்லில் ட்யூப் லைட் எரியும்போது குழாய்க்குள் இருப்பது பிளாஸ்மாதான். தொட்டால் கை வெந்துவிடுவதில்லை. வெல்டிங் பட்டறையில் எரியும் ஆர்க்கும் பிளாஸ்மாதான். அதன் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாது. ஆர்க்கில் எலக்ட்ரான், அயனி, அணு எல்லாமே சேர்ந்து சூடேறிவிடுகின்றன. குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மட்டும் பல ஆயிரம் டிகிரிக்குச் சமமான வேகத்தில் ஓடும். அவற்றைவிட பல்லாயிரம் மடங்கு கனமான காற்று மூலக்கூறுகள் கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருக்கும். பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான்: இரண்டு உலோகத் தகடு, நடுவில் கண்ணாடியோ பீங்கானோ ஒரு தடுப்பு, சில மில்லிமீட்டர் இடைவெளி, பல ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்சாரம். தடுப்பு இருப்பதால் ஒரே பொறியாகப் பாயாமல், ஊதா நிறத்தில் நுண்ணிய மின்னிழைகளாகச் சிதறி எரியும். 1857-ல் வெர்னர் வான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்க அமைத்த கருவியும் இதே கட்டமைப்புதான். பிளாஸ்மா என்ற பெயர் பிறகு வந்தது, 1928-ல் இர்விங் லாங்முயர் வைத்தது.

அந்த எலக்ட்ரான்கள் காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி மூன்றின் மேலும் மோதுகின்றன. ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு அணுவாகப் பிளக்கிறது. அந்தத் தனி அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். நீராவி உடைந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல். இரண்டு ஹைட்ராக்சில் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு, அதோடு சூப்பர் ஆக்சைடு (ஓர் எலக்ட்ரான் கூடுதலாக ஏறிய ஆக்சிஜன்) சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட். ஜெராக்ஸ் மிஷின் ஓயாமல் ஓடும் கடையில் ஒரு காரமான வாசனை வருமே, அது ஓசோன். பெட்டி ஓடும்போதும் அதே வாசனைதான் வரும். ஆகவே மருந்து கிடையாது என்பது பாதி சரி. மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றுவதில்லை, காற்றிலிருந்தே அந்த நிமிஷத்தில் காய்ச்சி எடுக்கிறோம். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் ஹைட்ராக்சிலும் குறையும், கொல்லும் திறனும் குறையும். இதைப் பெட்டி விற்பவர்கள் பலர் சொல்வதில்லை.

எதிரே இருப்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். காயின் ஓட்டிலும் பருப்பின் செந்தோலிலும் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டும் தூள் அதன் வித்துகள். ஒரு வித்து 3 முதல் 6 மைக்ரோமீட்டர்தான். அதன் வெளியே ஹைட்ரோஃபோபின் என்ற சின்னப் புரதங்கள் பாய் முடைந்ததுபோல் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு ஹைட்ரோஃபோபினிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலமான சிஸ்டீன் எட்டு, அவை இரண்டிரண்டாகக் கந்தகப் பாலம் போட்டு நான்கு பூட்டாக நிற்கும். தண்ணீர் ஒட்டாமல் வித்து காற்றில் பறந்து அடுத்த மூட்டைக்குப் போவது இந்த உறையால்தான். அதற்குக் கீழே நிறமி. அதற்கும் கீழே செல்சுவர்: பீட்டா குளுக்கான் இழைகள், கைட்டின் இழைகள், இடையிடையே சர்க்கரை ஏறிய புரதங்கள். நண்டு ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்.

ஹைட்ராக்சில் ராடிக்கல் இந்தச் சுவரில் முதலில் மோதுகிறது. ஒற்றை எலக்ட்ரானோடு தவிக்கும் மூலக்கூறு அது; பக்கத்தில் எதைக் கண்டாலும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். குளுக்கானிலோ கைட்டினிலோ உள்ள ஒரு சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பறிபோனால் அந்தச் சர்க்கரை நிலைகுலையும், இரண்டு சர்க்கரைகளை இணைக்கும் பிணைப்பு அறுந்துபோகும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பிளாஸ்மா பட்ட வித்துகள் வற்றி, குழி விழுந்து, சில இடத்தில் கிழிந்து தெரியும்.

சுவர் கிழிந்ததால் மட்டும் பூஞ்சை சாவதில்லை. சுவரைத் திரும்பக் கட்டிக்கொள்ள அதற்குத் தெரியும். மீள முடியாத சேதம் அதற்கு அடுத்த சவ்வில்தான். அந்தச் சவ்வின் பருமன் 7, 8 நானோமீட்டர், இரண்டு அடுக்குக் கொழுப்பு. அந்தக் கொழுப்பின் வால்களில் ஒன்று லினோலெயிக் அமிலம்: 18 கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு. அந்த இரண்டு இரட்டைப் பிணைப்புக்கும் நடுவில் ஒரு கார்பன் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் ஹைட்ரஜன் மிகத் தளர்வாகப் பிடித்திருக்கும்; ஹைட்ராக்சில் வந்தால் முதலில் கழல்வது அதுதான். ஹைட்ரஜனை இழந்த கொழுப்பு இப்போது தானே ஒரு ராடிக்கல். காற்றின் ஆக்சிஜன் அதில் ஏறிக்கொண்டால் பெராக்சில் ராடிக்கல். அது பக்கத்துக் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும், பக்கத்துக் கொழுப்பு ராடிக்கலாகும். இப்படியே சங்கிலியாகப் போகும். ஒரு ஹைட்ராக்சில் தொடங்கி வைத்ததை நிறுத்த அந்த ஹைட்ராக்சில் இருக்க வேண்டியதில்லை. முடிவில் கொழுப்பு வால்கள் துண்டாகி மாலோன் டை ஆல்டிஹைடு போன்ற சிறு மூலக்கூறுகள் மிஞ்சும். ஆய்வகத்தில் சவ்வுச் சேதத்தை அளப்பது இதை வைத்துத்தான்.

சவ்வில் இன்னொரு இலக்கு எர்கோஸ்டிரால். நம் செல்லின் சவ்வைக் கொலஸ்டிரால் கட்டியிருப்பதுபோல் பூஞ்சையின் சவ்வை எர்கோஸ்டிரால் கட்டியிருக்கிறது. கொலஸ்டிராலில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. எர்கோஸ்டிராலில் மூன்று, அதிலும் இரண்டு ஒரே வளையத்தில் அடுத்தடுத்து. கிளர்ந்த நிலையிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறு (சிங்லெட் ஆக்சிஜன்) அந்த வளையத்தின் குறுக்கே பாலம்போல் ஏறி உட்கார்ந்தால் எர்கோஸ்டிரால் பெராக்சைடாக மாறிவிடும். பூஞ்சை மருந்துகளில் பல குறிவைப்பதும் எர்கோஸ்டிராலைத்தான். ஃப்ளூகோனசோல் அதைத் தயாரிக்க விடாது, ஆம்ஃபோடெரிசின் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்மா அந்த மூலக்கூறையே உருமாற்றிவிடுகிறது. சவ்வின் இறுக்கம் தளர்ந்ததும் முதலில் பொட்டாசியம் கசியும், பிறகு புரதமும் நியூக்ளியோடைடுகளும். 260, 280 நானோமீட்டரில் உறிஞ்சலை அளக்கும் பிராக்டிகல் செய்திருப்பீர்களே, கசிவைக் கணக்கிடுவது அதே முறையில்தான்.

உள்ளே நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. ஹைட்ராக்சில் பிறந்த சில நானோ நொடிகளில் எதிலாவது முட்டித் தீர்ந்துபோகும். நூறு நானோமீட்டர் சுவரைத் தாண்டி அது உள்ளே நடந்து போகவே முடியாது. அப்படியிருந்தும் டி.என்.ஏ. வரை ஹைட்ராக்சில் செய்த காயம் தெரிகிறது. எப்படி? ஹைட்ரஜன் பெராக்சைடு சாதுவான மூலக்கூறு, நீண்ட நேரம் இருக்கும். தண்ணீர் நுழையும் அக்வாபோரின் என்ற புரதக் குழாய் வழியாகவே அதுவும் உள்ளே நுழைந்துவிடும். உள்ளே பூஞ்சை தன் வளர்ச்சிக்காகச் சேர்த்து வைத்த இரும்பு இருக்கிறது. பெராக்சைடும் இரும்பும் சந்தித்தால் அங்கேயே புதிய ஹைட்ராக்சில் பிறக்கும். 1894-ல் ஹென்றி ஃபென்டன் பதிவு செய்த வினை இது. ஆகவே வெளியிலிருந்து வருவது எரிபொருள். தீப்பொறி பூஞ்சையின் சொந்த இரும்பு.

அப்படி டி.என்.ஏ.வின் அருகிலேயே பிறக்கும் ஹைட்ராக்சில், டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான குவானினை 8-ஆக்சோகுவானினாக மாற்றுகிறது. அது சைட்டோசினுக்குப் பதில் அடினினோடு ஜோடி சேரும், நகலெடுக்கும்போது எழுத்து பிறழும். இழைகளும் அறுபடுகின்றன. புரதங்களில் சிஸ்டீன், மெத்தியோனின் ஆக்சிஜன் ஏறி நொதிகள் வேலை நிறுத்துகின்றன. பெராக்சிநைட்ரைட் டைரோசினில் நைட்ரோ குழுவை ஒட்டிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் மின்னழுத்தம் இறங்கும், ஏ.டி.பி. தயாரிப்பு நிற்கும், சைட்டோகுரோம் சி வெளியே கசியும். அந்தக் கட்டத்தில் பூஞ்சை தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும் வழியில் இறங்கிவிடும். அதற்கான மெட்டாகேஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொள்ளும். ஒரே இலக்கை மட்டும் தாக்கும் மருந்துக்குப் பூஞ்சை எதிர்ப்புத் திறன் வளர்த்துக்கொள்வது எளிது. சுவர், சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று எல்லாப் பக்கமும் அடி விழும்போது அது கடினம். பிளாஸ்மாவின் மதிப்பு இங்கே இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அடி பாதியில் நின்றால்? இதுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. பூஞ்சை கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குவதில்லை. கேட்டலேஸ், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளுட்டத்தையோன் என்று இந்த ஆக்சிஜனேற்ற அடியைத் தணிப்பவை எல்லாம் அதனிடம் உண்டு. ஈஸ்டில் யாப்1 என்று ஒரு புரதம்; ஆஸ்பர்ஜில்லஸிலும் அதற்கு உறவுப் புரதங்கள் இருக்கின்றன. சாதாரணமாக அது நியூக்ளியஸுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். பெராக்சைடு ஏறினால் அதன் இரண்டு சிஸ்டீன்கள் கந்தகப் பாலம் போட்டுக்கொள்ளும். வெளியேறுவதற்கான அடையாளம் மடிப்புக்குள் மறைந்துபோக, யாப்1 நியூக்ளியஸிலேயே தங்கிப் பாதுகாப்பு ஜீன்களையெல்லாம் இயக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸிலும் அதன் உறவான ஆஸ்பர்ஜில்லஸ் பாராசிட்டிகஸிலும் கொல்லாத அளவு ஆக்சிஜனேற்ற அழுத்தம் இன்னொன்றையும் தூண்டும்: அஃப்லாடாக்சின் தயாரிப்பை. மூன்றாவது குரோமோசோமில் ஒரே கொத்தாக 25-க்கும் மேற்பட்ட ஜீன்கள் அந்த வேலைக்கென்றே இருக்கின்றன. அரைகுறையாகத் தாக்கப்பட்ட பூஞ்சை, ஈரமும் கிடைத்தால், முன்பைவிட அதிகம் சுரக்கக்கூடும்.

அடி ஏன் பாதியில் நிற்கும் என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் கடலையைக் கொட்டிக் குவித்தால் மேல் வரிசைக்கு மட்டும் முழு அடி. கீழே இருப்பதற்கு நிழல். வித்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தால் மேல் வித்து செத்துக் கீழ் வித்தைக் காப்பாற்றிவிடும். இவையெல்லாம் ஓட்டின் மேல், தோலின் மேல் இருக்கும் வித்துகளைப் பற்றிய பேச்சு. வேர்க்கடலையில் தொல்லை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரம் மழை ஏய்த்து மண் காய்ந்து சூடேறினால், மண்ணிலிருக்கும் பூஞ்சை காய்க்குள் நுழைந்துவிடும். குப்பம், பலமனேர், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று நம் மானாவாரிப் பக்கத்துக்கே உரிய கஷ்டம் இது. நாங்கள் ஒருமுறை பருப்பை ஒரே வரிசையாகப் பரப்பி பிளாஸ்மா கொடுத்து, தட்டில் வளர்த்துப் பார்த்தோம். முழுப் பருப்பில் எதுவும் முளைக்கவில்லை. மகிழ்ந்துபோனோம். அதே பருப்பை இரண்டாகப் பிளந்து வைத்தபோது, இரண்டு பருப்பிதழ்களுக்கும் நடுவிலிருந்து மூன்றாம் நாள் பச்சை பூத்தது. பிளாஸ்மாவின் கை அங்கே போகவே இல்லை.

விஷத்துக்கு வருவோம். அஃப்லாடாக்சின் பி1 மூலக்கூறின் ஓரத்தில் ஒரு ஃப்யூரான் வளையம். அதில் 8-வது, 9-வது கார்பனுக்கு நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. நம் கல்லீரல் நொதிகள் அங்கே ஆக்சிஜனை ஏற்றி எபாக்சைடாக மாற்றும். அந்த எபாக்சைடு டி.என்.ஏ.வின் குவானினில் போய் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் புற்றுநோய்க்கு வாசல் திறப்பது அங்கே. பிளாஸ்மாவிலுள்ள ஓசோன் தாக்குவதும் அதே இரட்டைப் பிணைப்பைத்தான். அது உடைந்தால் எபாக்சைடு உருவாக இடமில்லை, நச்சுத்தன்மை பெரிதும் இறங்கும். கண்ணாடித் தட்டில் தூய விஷத்தைத் தடவி வைத்தால் பிளாஸ்மா அதை நன்றாகவே சிதைக்கும். பருப்புக்குள் எண்ணெயும் புரதமும் சூழ உட்கார்ந்திருக்கும் விஷத்தை எட்டுவதுதான் கடினம். ஓசோனும் ராடிக்கல்களும் வழியிலேயே எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். அதிலும் லினோலெயிக் அமிலம் உண்டு. பூஞ்சையின் சவ்வை அறுத்த அதே சங்கிலி வினை உங்கள் பருப்பின் எண்ணெயிலும் ஓடும். பூஞ்சை சாகும்வரை என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று காட்டும் பெராக்சைடு மதிப்பு ஏறும், பருப்பு சிக்கு வாடை அடிக்கும். அதிக ஒலெயிக் அமிலம் கொண்ட கிர்னார்-4, கிர்னார்-5 ரகங்கள் இதை ஓரளவு தாங்கும், ஒலெயிக்கில் இரட்டைப் பிணைப்பு ஒன்றே என்பதால். உங்களுக்கு வரத்து எந்த ரகம் என்று பாருங்கள்.

இப்போது, நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய அந்த வரி. முதல் நாள் ராத்திரி தண்ணீர் தெளித்து மூடி வைப்போம் என்றீர்கள். அதைப் படித்ததும் எனக்கு மனது கனத்துவிட்டது. களத்தில் நன்றாகக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடும் காயில் வித்துகள் ஒட்டியிருந்தாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். காயில் ஈரம் 8 சதவீதத்துக்குள் நின்றால் ஆஸ்பர்ஜில்லஸால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் தெளித்து, மூடி, ஒரு ராத்திரி வைத்து, காலையில் உடைத்து, ஈரப் பருப்பைச் சாக்கில் தைத்து லாரியில் ஏற்றினால், தூங்கும் வித்தைத் தட்டி எழுப்பிச் சாப்பாடு போட்டதாகிவிடும். ஹைதராபாத் பக்கம் பட்டான்சேருவில் இருக்கும் இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வேர்க்கடலை அஃப்லாடாக்சினில் பல காலமாக வேலை செய்கிறது. உடைப்பதற்கு முன் காயை நனைக்கும் வழக்கத்தை அவர்களும் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

பருப்பு பிளந்தால் விலை போகும் என்ற நைனாவின் கவலை நியாயமானது. அதைத் தள்ளிவிட்டு அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. காயைப் பெரிசு, சின்னது என்று சலித்துத் தனித்தனியாக விட்டால், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சல்லடையும் இடைவெளியும் வைத்தால், சுழலும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால், உலர்ந்த காயிலேயே உடைசல் கணிசமாகக் குறையும். தெளித்தே தீர வேண்டிய நாளில் ராத்திரி மூடி வைக்காதீர்கள். காலையில் லேசாகத் தெளித்து உடனே உடைத்து, பருப்பை அன்றைக்கே தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்து, ஈரமானி 7-க்குக் கீழே காட்டிய பிறகு தையுங்கள். ஒரு நல்ல ஈரமானியின் விலை அந்தப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான். முதலில் அதை வாங்குங்கள்.

சொத்தை, சுருங்கல், நிறம் மாறியது, பூச்சி துளைத்தது ஆகியவற்றைப் பொறுக்கி எடுக்க இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள். விஷத்தின் பெரும்பங்கு இந்தச் சில பருப்புகளில்தான் இருக்கும். ஒரே ஒரு கெட்ட பருப்பு ஒரு கிலோவையே வரம்பு தாண்ட வைக்கப் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கடலைக்கு மொத்த வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். சோதனைக்கு ஒரு மூட்டையில் ஒரு கை அள்ளிக் கொடுத்தால் நல்ல லோடும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் நல்லதாகத் தெரியும். எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சில கிலோ சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுங்கள். திரும்பி வந்த லோடையும் பொறுக்கிவிட்டு இப்படி ஒருமுறை சோதித்துப் பாருங்கள். முழுவதும் வீணாகிவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை. உங்களிடம் கடலை கொண்டுவரும் விவசாயிகளிடமும் பேசுங்கள்: பூக்கும் சமயத்தில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், கடைசி வாரங்களில் முடிந்தால் ஒரு உயிர்த்தண்ணீர், பிடுங்கியதும் காய் மேலே பார்க்கும்படி கொடியைத் திருப்பிப் போட்டுக் காயவைப்பது.

இவ்வளவும் செய்த பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். அந்த மனிதரை மரியாதையாக உட்காரவைத்துக் கேளுங்கள்: எத்தனை சென்டிமீட்டர் கனத்துக்குப் பருப்பைப் பரப்ப வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ? காற்றின் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? பருப்பைப் பிளந்து வளர்த்துப் பார்த்தீர்களா? ஒரே அரைத்த மாதிரியில் பிளாஸ்மாவுக்கு முன்னும் பின்னும் அஃப்லாடாக்சின் அளவு என்ன? மூன்று மாதம் வைத்த பருப்பின் பெராக்சைடு மதிப்பு என்ன? வெளியேறும் ஓசோனை எங்கே விடுவது? எழுத்தில் பதில் தந்தால் அவரை நம்பலாம். தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்மில் குளிர் பிளாஸ்மா ஆய்வு நடக்கிறது. உங்கள் பருப்பையே கொண்டுபோய்க் காட்டி ஆலோசனை கேட்கலாம். என்னைக் கேட்டால், ஒரே வரிசையாகப் பரப்பக்கூடிய விதைப் பருப்புக்கு இந்த முறை பொருந்தும் என்பேன். டன் கணக்கில் ஓடும் உடைப்பு மில்லுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாக மாடு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோதுதான் அஃப்லாடாக்சின் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. தீவனத்தில் கலந்திருந்தது வேர்க்கடலைப் புண்ணாக்கு. 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியில்லாமல் சாப்பிட்ட ஏழைகளில் 106 பேர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். கடலையை ஆட்டும்போது விஷத்தின் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும். செக்கு எண்ணெய் காரம் (அல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கப்படுவதில்லை என்பதால் அதிலும் கொஞ்சம் தங்கும். எனவே எண்ணெயும் வேண்டாம். வறுத்தால் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள், இந்த விஷம் உருகவே 268 டிகிரி வேண்டும். மாடு தின்ற பி1 அதன் கல்லீரலில் எம்1 ஆக மாறி, ஒன்றிரண்டு நாளிலேயே பாலில் இறங்கும். பாலில் நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், காய்ச்சினாலும் தயிராக்கினாலும் அது போகாது. உங்கள் பக்கத்தில் அந்தப் பாலை முதலில் குடிப்பது வீட்டுக் குழந்தைகள், மிச்சம் சொசைட்டிக்குப் போகும்.

பொறுக்கி எடுத்த சொத்தையையும், ஆட்டிவிட்டிருந்தால் அந்தப் புண்ணாக்கையும் வேர்க்கடலை போடாத நிலத்தில் குழி தோண்டி மக்க வைத்துவிடுங்கள். கையாளும்போது மூக்கில் நல்ல மாஸ்க் கட்டச் சொல்லுங்கள், வேலைக்கு வரும் அக்காமார்களுக்கும் சேர்த்து. நைனாவுக்கு நஷ்டம் வலிக்கும். கணக்குப் புத்தகம் உங்கள் கையில்தானே இருக்கிறது. ஒரு மாதம் தெளிக்காமல் உடைத்து, உடைசல் எத்தனை கிலோ கூடியது, சோதனையில் எண் எவ்வளவு இறங்கியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டுங்கள். எனக்கும் அதை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா